ஒரே கடல், இரு வேறு கடதாசிகள்

இந்திய மத்திய உள்துறை அமைச்சு 2025 செப்டெம்பர் மாத முற்பகுதியில் வெளியிட்ட உத்தரவொன்று, தமிழகத்தில் தஞ்சமடைந்துள்ள எமது மக்கள் மத்தியில் பெரும் எதிர்பார்ப்பினைத் தோற்றுவித்தது. 2015 ஜனவரி 9 ஆம் திகதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசாங்கத்திடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டோ விசாவோ இன்றி வந்து தங்கியமைக்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்பதே அதன் சாராம்சமாகும். செய்தி வெளியான மறுதினம் எமது அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பேசிய உறவினர்கள் பலரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "அங்கே எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டார்களாமே, உண்மையா?"

உண்மையல்ல. தண்டனையிலிருந்து விலக்களிப்பது வேறு. குடியுரிமை வழங்குவது வேறு. ஆயினும் அவர்கள் அவ்வாறு நம்ப விழைந்ததில் வியப்பில்லை. 1983 ஜூலைக் கலவரத்தினைத் தொடர்ந்து முதற் படகுகள் இராமேஸ்வரக் கரையினை அடைந்து நான்கு தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், 34,000 பேர் வரையில் பொலிஸ் பதிவுடன் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்து வருவதாக இந்திய அரசின் அறிக்கைகள் அண்மைய ஆண்டுகளில் தெரிவித்து வந்துள்ளன. அங்கு பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று பாடசாலைக்குச் செல்கின்றனர்.

தமிழக அரசின் உதவிகளைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. அகதி முகாம்கள் என்ற பெயர் 2021 இல் மறுவாழ்வு முகாம்கள் என மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 317 கோடி ரூபா செலவிலான திட்டமொன்று அறிவிக்கப்பட்டு, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக உறுதியளிக்கப்பட்டது. மாதாந்தக் கொடுப்பனவு உயர்த்தப்பட்டது. பிள்ளைகள் கல்லூரி வரை செல்கின்றனர். எனினும் குடியுரிமை என்பது சென்னையின் அதிகாரத்துக்கு உட்பட்ட விடயமன்று. அது டில்லியின் கையிலுள்ளது. பொறியியற் பட்டம் பெற்ற முகாம் இளைஞர் ஒருவருக்கு அரச வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வெளிநாட்டில் வேலை கிடைத்தாலும் அங்கு செல்லக் கடவுச்சீட்டு இல்லை. அவர் தமது பட்டச் சான்றிதழுடன் வர்ணம் பூசும் கூலி வேலைக்குச் செல்வது முகாம்களில் புதினமான காட்சியன்று.

டில்லியின் விதிமுறைகள் இவர்களிடம் எதனைக் கேட்கின்றன? இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955 ஆம் ஆண்டினுடையது. அதன்படி வெளிநாட்டவர் ஒருவர் இயல்புரிமை அடிப்படையில் விண்ணப்பிப்பதாயின், விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்திய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் அந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். செல்லுபடியாகும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் பிரதி, வதிவிட அனுமதியின் பிரதி, நன்னடத்தைக்குச் சான்று பகரும் இரு இந்தியப் பிரஜைகளின் சத்தியக் கடதாசிகள், பத்திரிகை விளம்பரத்தின் நறுக்குகள் என்று படிவத்துடன் இணைக்கவேண்டியவை நீண்டு செல்கின்றன. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவுண்டு என்பதற்கும் சான்றிதழ் தேவை. அந்த அட்டவணையில் தமிழும் உள்ளது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்து சென்றவர், தமக்குத் தமிழ் தெரியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்றிதழ் வாங்கவேண்டிய நிலை! இத்தனையையும் திரட்டி மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தால், அங்கிருந்து மாநில அரசுக்கும், அங்கிருந்து மத்திய உள்துறை அமைச்சுக்கும் கோவை பயணிக்கும்.

ஆனால் முகாம்வாசியைப் பொறுத்தவரையில் இப்பட்டியல் முழுவதும் அர்த்தமற்றதாகும். இச்சட்டத்துக்கு 2003 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகுப்பொன்றினைப் புகுத்தியது. உரிய பயண ஆவணமின்றி நாட்டினுள் நுழைந்த வெளிநாட்டவர் அனைவரும் அதனுள் அடங்குவர். பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை பெறும் வழிகள் இரண்டும் இவ்வகுப்பினருக்கு மூடப்பட்டன. முப்பது ஆண்டுகள் வசித்தாரா, நாற்பது ஆண்டுகள் வசித்தாரா என்ற கேள்வியே எழுவதில்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இந்தியா கைச்சாத்திடாதமையால், அகதி என்ற சட்ட அந்தஸ்தும் அங்கு கிடையாது. ஷெல் வீச்சுக்கு அஞ்சி நள்ளிரவில் வள்ளமேறிய தாயும், விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்ட வெளிநாட்டு வியாபாரியும் அச்சட்டத்தின் கண்களுக்கு ஒருவரே.

இந்த வகுப்பீட்டின் அநீதி மிகத் துலாம்பரமாகத் தெரிவது மலையக வம்சாவளியினரின் விடயத்திலாகும். முகாம்களில் உள்ளோரில் 28,000 க்கும் மேற்பட்டவர்கள் இந்திய வம்சாவளியினர் என்ற மதிப்பீடு நெடுங்காலமாகவே கூறப்பட்டு வருகின்றது. இவர்கள் எவ்வாறு 'இலங்கை அகதிகள்' ஆனார்கள் என்பதை இளந்தலைமுறை வாசகர்களுக்காகச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய - பாகிஸ்தானிய வதிவிடத்தார் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தபோதிலும், ஏறத்தாழ 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிட்டியது. தொடர்ச்சியாக வசித்தமைக்கு ஆதாரமில்லை, இடையில் ஊர் சென்று திரும்பினார் என்றெல்லாம் காரணங்கள் காட்டப்பட்டன. அச்சட்டத்தின் பெயர் உணர்த்துவது போன்று, கொழும்பில் வர்த்தகம் செய்த முஸ்லிம் சமூகத்தவர் சிலரும் இதே வரிசையில் நிற்கவேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. பின்னர் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 150,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியா ஏற்கவேண்டிய தொகை ஆறு இலட்சமாக இருக்க, இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தவர்கள் 506,000 பேரே. எஞ்சிய 94,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்வதற்காக 1986 இல் தனிச் சட்டமொன்று தேவைப்பட்டது.

இவ்வாறு எண்களாகப் பிரிக்கப்பட்ட மக்கள் மலையகத்திலிருந்து தலைமன்னார் வரை ஏற்றிச் செல்லப்பட்ட புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். சிறுவனாக இருந்த காலத்தில் புகையிரத நிலைய மேடையொன்றில் அக்காட்சியினைக் கண்டதுண்டு. தகரப் பெட்டிகளைவிட, அவற்றின் மேல் இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்த பழுப்பு நிறக் கடித உறைகளே நினைவில் நிற்கின்றன. அந்த உறைக்குள்தான் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன என்பது பின்னரே புரிந்தது. உறையுடன் தலைமன்னார்த் துறையில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறியவர், இராமேஸ்வரத்தில் இறங்கும்போது இந்தியப் பிரஜை. அவருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலையோ, வீடு கட்டக் கடனோ கிடைக்க ஏற்பாடிருந்தது. அந்த ஏற்பாடுகளிலும் குறைகள் மலிந்திருந்தன என்பது வேறு கதை.

எல்லோரும் அந்தக் கோச்சியில் ஏறவில்லை. 1977 வன்செயல்களின்போது தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறின. இவர்களுள் இந்தியக் குடியுரிமைக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தவர்களும், கடவுச்சீட்டினைப் பெற்று முறைக்காகக் காத்திருந்தவர்களும் அடங்குவர். 1984 இல் கப்பற் சேவை நின்றுபோனது. போர் அவர்களது புதிய குடியிருப்புகளையும் எட்டியது. கையிலிருந்த உறைகள் வீடுகளோடு எரிந்தன. சில கடலில் நனைந்து அழிந்தன. பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ வள்ளத்தில் ஏறி அதே இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் அகதிகளாகவும், 2003 இன் பின்னர் சட்டவிரோதக் குடியேறிகளாகவும் பதியப்பட்டனர். அண்ணன் கப்பலில் சென்றார். தம்பி வள்ளத்தில் சென்றார். அண்ணனின் மகன் கோத்தகிரியில் வாக்களிக்கிறார். தம்பியின் மகன் முகாமில் தலைக்கணக்கெடுப்புக்காக வரிசையில் நிற்கிறார். கடந்த கடலும் ஒன்றே, பாட்டன் பிறந்த ஊரும் ஒன்றே.

மண்டபம் முகாமின் வரலாறு இதனினும் விசித்திரமானது. இன்று அகதிகள் பதிவு செய்யப்படும் அந்த இடம், பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது தொழிலாளரைத் தடுத்து வைத்து மருத்துவப் பரிசோதனை நடத்துவதற்கென இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமாகும். பூட்டன் இலங்கைக்கு அனுப்பப்படுவதற்காக அடைக்கப்பட்ட அதே வளவில், பூட்டப்பிள்ளை இலங்கையிலிருந்து வந்தமைக்காக விசாரிக்கப்படுகின்றார்.

இவர்கள் இந்திய வம்சாவளியினர் என்ற அடிப்படையில் பதிவு பெற முடியாதா என்ற வினா எழலாம். சட்டத்தின் விளக்கக் குறிப்பு அதற்கும் இடமளிக்கவில்லை. விண்ணப்பதாரியோ அவரது தாய் தந்தையருள் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால்தான் வம்சாவளியினராகக் கொள்ளப்படுவர். மலையக மக்களின் பாட்டன், பூட்டன்மாரே அங்கு பிறந்தவர்கள். இதே நாடு, வெளிநாட்டுவாழ் இந்தியர் அட்டையினை வழங்கும்போது இந்தியப் பிரஜையின் பூட்டப்பிள்ளை வரையில் உறவு கொண்டாடுகின்றது. இலண்டனில் பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் இருப்பவருக்கு நீளும் அந்த உறவின் கயிறு, திருச்சிக்கு அருகேயுள்ள முகாம் வரையில் நீளவில்லை.

இதனை நீதிமன்றம் உணராமலில்லை. திருச்சி மாவட்டத்தின் கொட்டப்பட்டு முதலான முகாம்களிலுள்ள வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், சென்னை மேல் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூன் 17 ஆம் திகதி தீர்ப்பளித்தது. இவர்களை வழமையான சட்டவிரோதக் குடியேறிகளுடன் சமப்படுத்தலாகாது என்ற நிலைப்பாட்டினை எடுத்த நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களது விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் ஊடாக ஏற்று, 16 வாரங்களில் முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்குப் பணித்தார். முடிவெடுக்குமாறு பணிக்கலாம், இன்ன முடிவினை எடு என்று நீதிமன்றம் பணிக்கவியலாது. அதிகாரிகளுக்கு அந்த இடைவெளி போதுமானது.

பிறப்புரிமை விடயத்தில் நிலைமை சற்று வேறானது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1 க்கு முன்னர் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் இந்தியப் பிரஜையே. இதன்படி 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு அதே நீதிமன்றம் 2022 இல் உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். சட்டம் 1955 இலிருந்தே தெளிவாக இருந்தும், பிறந்து 36 ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கின் மூலமே அவர் தமது உரிமையினைப் பெற முடிந்தது. அவரைப் போன்று 1983 க்கும் 1987 நடுப்பகுதிக்கும் இடையில் முகாம்களில் பிறந்தோர் பலர் உள்ளனர். தாம் பிறப்பினாலேயே பிரஜைகள் என்பதை அறியாமலே அவர்களும் மாதாந்தப் பதிவில் கையொப்பமிட்டு வந்திருப்பர். அவ்வாறானோர், பிறப்புச் சான்றிதழ் கையிலிருப்பின், குடியுரிமை கோரி விண்ணப்பிக்கவே தேவையில்லை; கடவுச்சீட்டுக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இவ்வரிகளை வாசிப்போர் அங்குள்ள உறவினருக்கு இதனைத் தெரியப்படுத்துதல் நன்று. ஆயினும் 1987 ஜூலையின் பின்னர் பிறந்த தம்பி தங்கையருக்கு இந்த வழியும் இல்லை.

இனி, 2019 டிசெம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு வருவோம். பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசெம்பர் 31 க்கு முன்னர் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கொள்ளலாகாது என அது கூறியது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில் வெளியாகின. இலங்கை அப்பட்டியலில் இல்லை; முஸ்லிம்களும் இல்லை. அவ்வேளையில் எமது அரசியல்வாதிகளும் தமிழகக் கட்சியினர் சிலரும், பட்டியலில் இலங்கையையும் சேர்த்துக்கொள்ளுமாறு கோரினர். கோரிக்கையின் தவிப்பு புரிகின்றது. ஆனால் அதன் விளைவு என்னவாக இருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது சந்தேகமே. அந்தச் சட்டத்தின் அமைப்பிலேயே இலங்கையைச் சேர்த்தால், ஒரே வள்ளத்தில் வந்த மன்னார்க் கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் கதவு திறக்கும்; அவர்களுடன் வந்த எருக்கலம்பிட்டி முஸ்லிமுக்கு மூடும். முகாம்களில் முஸ்லிம் குடும்பங்களின் தொகை சொற்பமே. தொகை சொற்பம் என்பதற்காகக் கைவிடலாம் என்ற தர்க்கத்தினால் அதிகம் துன்புற்றவர்கள் நாமே. மதத்தினைக் கேட்காமல், காலத்தினையும் பதிவினையும் மாத்திரம் கேட்கும் ஏற்பாடே எமது மக்கள் அனைவருக்கும் பொருந்தும்.

அந்த நோக்கில்தான் 2025 செப்டெம்பர் உத்தரவினை நாம் கவனமாக வாசிக்க வேண்டியுள்ளது. பாகிஸ்தான், பங்களாதேஷ் நாட்டுச் சிறுபான்மையினர் விடயத்திலும் டில்லி முதலில் குடியுரிமை வழங்கவில்லை. 2015 இல் நுழைவு விதிகளிலிருந்து விலக்களித்தது; அந்த விலக்கினையே அடிப்படையாகக் கொண்டு 2019 இல் சட்டத்தைத் திருத்தியது. இலங்கைத் தமிழர் விடயத்தில் முதற்படி 2025 இல் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் படி தானாக வந்துவிடாது. 2025 உத்தரவு மதத்தினைக் குறிப்பிடவில்லை என்பது ஆறுதல். ஆனால் 'இலங்கைத் தமிழர்' என்கின்றது. மொழியால் தமிழராகிய முஸ்லிம் ஒருவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில், இனம் என்ற கூட்டில் 'இலங்கைச் சோனகர்' என்றே எழுதப்பட்டிருக்கும். இந்திய அதிகாரியொருவர் இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து வாசித்தால் எந்த முடிவுக்கு வருவார்? சட்டத்தரணிகளும் அரசியல் தலைவர்களும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய விடயம் இது. ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின்னர் அறிக்கை விடுவதில் பயனில்லை.

கொழும்பும் இதில் பார்வையாளராக இருந்துவிட முடியாது. வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் நிரந்தரமாக வதிவோருக்கே பொருந்தியமையால், தமிழக முகாம்களில் உள்ளவர்களை உள்வாங்க 2009 இல் திருத்தம் செய்யப்பட்டது. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதுதான். ஆனால் அதன் பின்னர், இவர்கள் நாடற்றவர்கள் அல்லர், இலங்கைப் பிரஜைகளாகத் திரும்பக்கூடியவர்கள் என்று டில்லி வாதிடவும் அதுவே வாய்ப்பாகலாம். இலங்கைக் கடவுச்சீட்டினைப் பெற்றால் இலங்கையர். பெறாவிட்டால் படிவத்தினை நிரப்ப முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஆதலால் ஒன்றைப் பெறுபவர் மற்றையதை இழக்க வேண்டும்.

திரும்பி வரவே விரும்புவோரின் நிலையும் சொல்லும்படியாக இல்லை. 2025 மே மாத இறுதியில், ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் முறையற்ற வழியில் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதே குற்றச்சாட்டு. அங்கே முறையற்று நுழைந்தவர். இங்கே முறையற்று வெளியேறியவர். ஒரே படகுப் பயணத்துக்கு இரு நாடுகளிலும் குற்றச்சாட்டு! டில்லி 2025 இல் அளித்ததையொத்த விலக்கொன்றினை, போர்க்காலத்தில் வெளியேறியோருக்காகக் கொழும்பும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அத்துடன் சென்னையிலுள்ள எமது பிரதி உயர்ஸ்தானிகராலயத்தின் படிகளில் ஏறுமாறு முகாம்வாசிகளைக் கேட்பதை விடுத்து, பதிவாளர் திணைக்கள அதிகாரிகளை முகாம்களுக்கே அனுப்பிப் பிறப்பு, விவாகப் பதிவுகளைத் திருத்திக் கொடுப்பது இயலாத காரியமன்று. உள்நாட்டில் நடமாடும் சேவைகளை நடத்திப் பழகிய நிர்வாகமே எமது நிர்வாகம். திரும்புவதாயினும் அங்கேயே தங்குவதாயினும் அந்தக் கடதாசிகள் இன்றி ஓர் அடியும் வைக்க முடியாது.

சில காலத்துக்கு முன்னர் முகாமொன்றிலிருந்து தாயொருவர் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். வவுனியாவில் பிறந்து, 1990 இல் பெற்றோருடன் வள்ளமேறியவர். தமது பிறப்புப் பதிவினைத் தேடித் தருமாறு கேட்டிருந்தார். எமது நிருபர் ஒருவர் குறித்த அலுவலகத்துக்கு நான்கு முறை சென்றார். முதல் முறை அலுவலர் விடுமுறை. இரண்டாம் முறை பதிவேடு சேதமடைந்துள்ளது என்றனர். மூன்றாம் முறை கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்டனர். அந்தக் குடியிருப்பே இப்போது இல்லாதபோது எந்தக் கிராமத்தின் உத்தியோகத்தர் கடிதம் கொடுப்பார்? நான்காம் முறை, இளம் எழுதுநர் ஒருவர் தாமாகவே முன்வந்து பழைய ஏடுகளைப் புரட்டிப் பதிவினைக் கண்டுபிடித்தார். பிரதியெடுத்துத் தபாலில் அனுப்பிவைத்தோம். இரண்டு மாதங்களில் பதில் வந்தது. பதிவேட்டில் தந்தையின் பெயர் தோட்டத்துக் கிளாக்கர் எழுதிய விதத்திலும், முகாம் அட்டையில் வேறு விதத்திலும் இருக்கின்றனவாம். இரண்டும் ஒருவரே என்பதற்குச் சத்தியக் கடதாசி கேட்கிறார்கள். அதனை இலங்கையில் முடிப்பதா இந்தியாவில் முடிப்பதா என்று விசாரித்துச் சொல்லுமாறு எழுதியிருந்தார்.